மின்தொகுப்பைப் பலப்படுத்த முதல் பணத்தை எதில் போடுவது?

2025 ஏப்ரல் 28, பகல் 12.33 மணி. ஸ்பெயினில் நல்ல வெயில், சூரிய மின்சாரம் தாராளமாக வந்துகொண்டிருந்தது. பற்றாக்குறை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அடுத்த சில வினாடிகளில் சுமார் 15 ஜிகாவாட் (15,000 மெகாவாட்) உற்பத்தி அறுந்துபோய், ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் மின்சாரமே இல்லாமல் நின்றன. விசாரணையில் தெரியவந்த காரணம் மின்னழுத்தம். அது கட்டுப்பாட்டை மீறி ஏறியது. ஏறியதும் மின் நிலையங்கள் தங்களைக் காத்துக்கொள்ள ஒவ்வொன்றாகத் துண்டித்துக்கொண்டன. துண்டிக்கத் துண்டிக்க அழுத்தம் இன்னும் ஏறியது.

பெரிய மின்தடை வந்தவுடன் எந்த அரசும் சொல்லும் முதல் வாக்குறுதி, "இத்தனை ஆயிரம் மெகாவாட்டில் புதிய மின் நிலையம்" என்பதுதான். கல்வெட்டு வைக்க வசதியானது, ரிப்பன் வெட்டவும் தோதானது. ஆனால் கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளின் பெரிய மின்தடைகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், உற்பத்தி போதாமல் விழுந்த மின்தொகுப்புகள் (மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் மின்வலைகள்) குறைவு. இருந்த மின்சாரத்தைச் சில வினாடிகள் பிடித்து நிறுத்த முடியாமல் விழுந்தவையே அதிகம். இந்தக் கட்டுரை எந்தப் பக்கம் சாயப்போகிறது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: யாரும் திறப்பு விழா நடத்தாத வேலைகளுக்குத்தான் முதல் பணம் போகவேண்டும்.

பேட்டரி நல்லதா, அனல்மின் நிலையம் நல்லதா என்று கேட்கும்போதே விவாதம் சறுக்கிவிடுகிறது. ஒன்று அரை வினாடிக்குள் கைகொடுப்பது, மற்றது மூன்று வாரம் தாங்குவது. மின்தொகுப்புக்கு வரும் ஆபத்துகள் வெவ்வேறு கால அளவில் வருகின்றன. மின்னல் தாக்கி ஒரு மின்பாதை அறுவது வினாடிக் கணக்கு. சூரியன் மறைந்தும் மக்கள் விளக்கையும் ஏசியையும் போடுவது மணிக் கணக்கு. காற்றும் வெயிலும் சேர்ந்து ஏமாற்றும் நாட்கள் வாரக் கணக்கு. ஜெர்மனி 2024 நவம்பரிலும் டிசம்பரிலும் அப்படிப்பட்ட நாட்களைப் பார்த்தது. ஒவ்வொரு வழியும் எந்தக் கால அளவுக்கு உதவும், அது கைக்கு வர எத்தனை ஆண்டு ஆகும் என்ற இரண்டையும் வைத்தே எடை போடவேண்டும்.

கூடுதல் மின் நிலையங்கள்

இருப்பில் கூடுதல் உற்பத்தி வைத்திருப்பது பழைய வைத்தியம், முழுக்கத் தவறும் அல்ல. வாரக் கணக்கில் நீளும் பற்றாக்குறைக்கு இன்றும் இதைவிட நம்பகமான மருந்து இல்லை. ஆனால் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் மெகாவாட்டை நம்பக்கூடாது என்பதற்கு 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் பட்ட பாடு போதும். கடுங்குளிரில் எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்தன. காற்றாலை, நிலக்கரி நிலையம், ஓர் அணு உலை என்று எதுவும் தப்பவில்லை, ஆனாலும் பெரிய இழப்பு எரிவாயுவில்தான். 60 ஹெர்ட்ஸில் இருக்கவேண்டிய அலைவெண் (மின்னோட்டம் வினாடிக்கு எத்தனை முறை ஊசலாடுகிறது என்ற எண்; உற்பத்தி தேவையைவிடக் குறைந்தால் இது இறங்கும்) 59.3 வரை இறங்கியது. இன்னும் 4 நிமிடம் 37 வினாடி அப்படியே நீடித்திருந்தால் மாநிலத்தின் தொகுப்பு மொத்தமாகச் சரிந்திருக்கும். மாநில அரசின் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள்.

அதில் ஒரு கொடுமை உண்டு. சுமையைக் குறைக்க ஊர்களுக்கு மின்சாரத்தை வெட்டியபோது, எரிவாயுவை அனுப்பும் பம்புகளுக்கான மின்சாரமும் வெட்டுப்பட்டது. வாயு இல்லாமல் மின்சாரம் இல்லை, மின்சாரம் இல்லாமல் வாயு இல்லை. பக்கத்தில் இன்னும் நான்கு நிலையங்கள் கட்டியிருந்தாலும் அவையும் அதே உறைந்த குழாயின் முனையில்தான் நின்றிருக்கும்.

ஆகவே புதிதாகக் கட்டுவதற்கு முன், இருக்கும் நிலையங்கள் மோசமான வாரத்தில் ஓடுமா என்று உறுதிசெய்வது மலிவான வழி. எரிபொருளை நிலையத்துக்குள்ளேயே சேமித்து வைப்பது, குளிருக்கும் வெப்பத்துக்கும் குழாய்களைத் தயார்படுத்துவது, ஓடாமல் தயாராக நிற்பதற்கும் பணம் கொடுப்பது போன்றவை. வயதான அனல்மின் நிலையங்களை அவசரமாக இடிக்கக்கூடாது என்பதும் என் எண்ணம். ஆண்டில் சில வாரம் மட்டும் ஓடும் நிலையத்தால் புகை அதிகம் வராது, ஆனால் அந்தச் சில வாரங்களுக்கு அது தேவை.

நீண்ட மின்பாதைகள், அண்டை நாட்டு இணைப்புகள்

எல்லா வழிகளிலும் அதிகம் யோசிக்க வைப்பது இதுதான். ஒரே மின்பாதை காப்பாற்றவும் செய்யும், கவிழ்க்கவும் செய்யும்.

2003 செப்டம்பர் 28 அதிகாலையில் இத்தாலி அண்டை நாடுகளிலிருந்து ஏராளமான மின்சாரத்தை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. சுவிட்சர்லாந்தில் ஒரு மின்பாதை, சுமையேறித் தொய்ந்து மரத்தின் அருகே போனதும் தீப்பொறி பறந்து துண்டித்தது. அதன் பாரம் அடுத்த பாதையில் விழுந்தது. அரை மணி நேரத்துக்குள் இத்தாலியின் இணைப்புகள் எல்லாம் அறுந்து, சார்டினியா தீவு தவிர நாடு முழுவதும் இருண்டது. இணைப்பு இருந்ததால் வந்த வினை என்று சிலர் இதைச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இறக்குமதியை நம்பியிருந்த அளவுக்கு, அது அறுந்தால் என்ன செய்வது என்ற திட்டம் இல்லாமல் போனதுதான் வினை.

இந்தியாவின் 2012 ஜூலை 30, 31 மின்தடைகளை இதோடு சேர்த்துப் படிக்கவேண்டும். இரண்டாம் நாள் பாதிக்கப்பட்ட மாநிலங்களில் வாழ்ந்தவர்கள் 60 கோடிக்கும் மேல்; உலகம் அதுவரை அவ்வளவு பெரிய மின்தடையைப் பார்த்ததில்லை. சில பாதைகள் ஏற்கெனவே சேவையில் இல்லை, வட மாநிலங்கள் ஒதுக்கீட்டுக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தன, பாரமெல்லாம் பீனா-குவாலியர் 400 கிலோவோல்ட் பாதையில் குவிந்தது. அந்தப் பாதையில் பழுது எதுவும் இல்லை. அளவுக்கு மீறிய சுமையைப் பழுது என்று எடுத்துக்கொண்டு பாதுகாப்பு ரிலே (பழுதைக் கண்டால் தானாகத் துண்டிக்கும் கருவி) பாதையைத் துண்டித்துவிட்டது. மற்றவை தொடர் சரிவு.

அன்று தென்மாநிலங்களில் விளக்கு எரிந்தது. காரணம், தெற்கு அப்போது மற்ற பகுதிகளோடு ஒத்திசைவாக, அதாவது ஒரே அலைவெண்ணில் சேர்ந்து ஓடும்படி, இணைக்கப்பட்டிருக்கவில்லை. உயர் அழுத்த நேர்மின் (DC) இணைப்புகள் வழியாகத்தான் மின்சாரம் போய்வந்தது. மாறுமின் (AC) பாதை வழியே ஒரு பகுதியின் நடுக்கம் அடுத்த பகுதிக்கு அப்படியே கடந்துவிடும். நேர்மின் இணைப்பில் எவ்வளவு போகவேண்டும் என்பதை மனிதர் தீர்மானிக்கலாம். அக்கரையின் ஆட்டம் இக்கரைக்கு வராது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை மூலம் தெற்கும் ஒத்திசைவில் சேர்ந்தது. அது சரியான முடிவே. பெரிய தொகுப்பில் சுழலும் எடை (மின் நிலையங்களின் கனத்த சுழலிகள்) அதிகம், ஒரு நிலையம் விழுந்தாலும் அதிர்ச்சி சிறிதாகத்தான் தெரியும். ஆனால் எல்லாவற்றையும் மாறுமின்னில் கட்டிப்போடாமல், நடுநடுவே நேர்மின் பாதைகளையும் வைப்பது புத்திசாலித்தனம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் வரை வரும் 6,000 மெகாவாட், 800 கிலோவோல்ட் நேர்மின் பாதை இதற்கு நல்ல மாதிரி.

இணைப்பு கைகொடுத்த கதைகளும் உண்டு. ஸ்பெயின் 2025-இல் எழுந்தபோது முதல் மின்சாரம் பிரான்சிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் வந்தது. உக்ரைன் ரஷ்யத் தொகுப்பிலிருந்து பிரிந்து நிற்கும் சோதனையை 2022 பிப்ரவரி 24 அன்று தொடங்கியது. அன்றே போர் வெடித்தது. மார்ச் 16-ஆம் தேதி ஐரோப்பியத் தொகுப்போடு இணைத்துவிட்டார்கள்.

குறை என்னவென்றால் காலம். ஒரு பெரிய மின்பாதையைத் திட்டமிட்டு, நிலம் எடுத்து, வழக்குகளைத் தாண்டிக் கட்டி முடிக்க 5 முதல் 15 ஆண்டு ஆகும் என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்கு. சூரிய மின் நிலையம் ஓரிரு ஆண்டில் எழுந்துவிடும், பிறகு பாதைக்காகக் காத்துக் கிடக்கும். கடலடிக் கேபிளுக்கு இன்னொரு பயமும் உண்டு: 2024 கிறிஸ்துமஸ் அன்று பின்லாந்துக்கும் எஸ்டோனியாவுக்கும் இடையிலான எஸ்ட்லிங்க் 2 கேபிள் அறுந்து, பழுதுபார்க்க மாதக்கணக்கில் ஆனது.

சேமிப்பு: பேட்டரியும் நீரேற்று நிலையமும்

பேட்டரியையும், தண்ணீரை மேலே ஏற்றிவைத்து வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையத்தையும் எதிரிகளாக நிறுத்துவது வழக்கம், ஆனால் இவை செய்யும் வேலையே வேறு.

தெற்கு ஆஸ்திரேலியாவில் 2017 டிசம்பரில் ஓடத் தொடங்கிய ஹார்ன்ஸ்டேல் பேட்டரி தொடக்கத்தில் 100 மெகாவாட் தந்தது, ஆனால் அதன் கொள்ளளவு 129 மெகாவாட்-மணி, அதாவது முழு வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். ஒரு மாநிலத்துக்கு விடிய விடிய விளக்கேற்ற அதனால் ஆகாது. அதன் அருமை வேகத்தில் இருந்தது. தொலைவில் ஒரு நிலக்கரி அலகு விழுந்தபோது, மற்ற நிலையங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அது மின்சாரத்தைச் செலுத்தத் தொடங்கிவிட்டது. கலிபோர்னியாவில் கதை வேறு. அங்கே 2024-இல் பேட்டரிகள் 10,000 மெகாவாட்டைத் தாண்டின. பகல் வெயிலை மாலைக்கு நகர்த்துவதே அவற்றின் பிழைப்பு. 2024 ஏப்ரலில் ஒரு மாலையில் சிறிது நேரம் அந்த மாநிலத் தொகுப்பின் ஆகப்பெரிய மூலமாகவே பேட்டரிகள் இருந்தன. ஆபத்து இல்லாமல் இல்லை: 2025 ஜனவரியில் அதே மாநிலத்தின் மாஸ் லேண்டிங் பேட்டரி நிலையத்தில் பற்றிய தீ, ஒரு கட்டடத்துக்குள் அடுக்கடுக்காக பேட்டரிகளை வைக்கும் பழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்திருக்கவேண்டும். திறந்தவெளியில் தனித்தனிப் பெட்டிகளாக இடைவெளி விட்டு வைத்தால் ஒன்று எரிந்தாலும் ஒன்றோடு போகும்.

நீரேற்று நிலையம் கட்டப் பல ஆண்டு ஆகும், மலையும் தண்ணீரும் வேண்டும், ஏற்றி இறக்குவதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மின்சாரம் வீணாகலாம். பேட்டரியில் இழப்பு அதைவிடக் குறைவு. ஆனாலும் நீரேற்று நிலையம் தலைமுறைகள் தாண்டி ஓடும். வேல்ஸின் டினோர்விக் 1984-இல் தொடங்கியது, 1,728 மெகாவாட், டர்பைன்களைத் தயார்நிலையில் சுழலவிட்டிருந்தால் இருபது வினாடிக்குள் முழுத் திறனை எட்டும். சீனாவின் ஃபெங்னிங் 3,600 மெகாவாட். கூடவே கனத்த சுழலி ஒன்று இருப்பது பேட்டரிக்கு இல்லாத கொடுப்பினை. மலை இருக்கும் நாடு இன்றே அணைக்கான ஆய்வைத் தொடங்கிவிட்டு, அது வரும்வரை பேட்டரியால் சமாளிக்கலாம். மலை இல்லாத நாட்டுக்கு இந்த விவாதமே தேவையில்லை.

தேவையை வளைப்பது

2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு இந்தியா முழுவதும் வீட்டு விளக்குகளை அணைக்கச் சொன்னார்கள். 12 முதல் 14 ஜிகாவாட் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். குறைந்தது 31 ஜிகாவாட். தொகுப்பு விழவில்லை, காரணம் புனல்மின் நிலையங்கள் சில நிமிடங்களில் 17,500 மெகாவாட்டை இறக்கி, மறுபடி ஏற்றின. அரிய ஒத்திகைதான், ஆனால் மக்களின் விருப்பத்தை நம்பித் தொகுப்பை நடத்துவது எவ்வளவு கணிக்க முடியாதது என்பதும் அதில் தெரிந்தது. தேவையை வளைக்க விரும்பினால், குளிர்பதனக் கிடங்கு, நீரேற்றும் பம்பு, மின்கார் சார்ஜர் போன்ற பொறுத்திருக்கக்கூடிய சுமைகளோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு தானியங்கியாகச் செய்யவேண்டும். விலை குறைவு, விரைவில் செய்யலாம். தனியாக ஒரு நாட்டைத் தாங்காது.

யாரும் திறந்து வைக்காத வேலைகள்

தெற்கு ஆஸ்திரேலியாவின் 2016 செப்டம்பர் 28 மின்தடைக்கு அரசியல்வாதிகள் காற்றாலைகளைத் திட்டினார்கள். புயலில் கோபுரங்கள் சாய்ந்தது உண்மை. ஆனால் மாநிலம் முழுவதையும் சாய்த்தது ஒரு மென்பொருள் அமைப்பு. குறுகிய நேரத்தில் இத்தனை முறைக்கு மேல் அழுத்தம் தாழ்ந்தால் உற்பத்தியைக் குறைத்துக்கொள் என்று பல காற்றாலைகளுக்குள் எழுதப்பட்டிருந்தது. தொகுப்பை நடத்தியவர்களுக்கு அது தெரியவே தெரியாது. சில வினாடிகளில் 456 மெகாவாட் காணாமல் போனது, அண்டை மாநில இணைப்பு பாரம் தாங்காமல் துண்டித்தது, முடிந்தது. அந்த எண்ணைத் திருத்த ஆன செலவு ஒரு புதிய மின் நிலையத்தின் பக்கத்தில்கூட வராது.

இந்த வகை வேலைகளில் முதலாவது சுழலும் எடை. அனல், புனல் நிலையங்களின் கனத்த சுழலிகள், மிதிப்பதை நிறுத்திய பிறகும் ஓடும் சைக்கிளைப் போல, அதிர்ச்சியைச் சில வினாடிகள் தாங்கிக்கொண்டே வந்தன. யாரும் அதற்குத் தனியாகப் பணம் கொடுத்ததில்லை. இன்வெர்ட்டர் (நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் மின்னணுக் கருவி) வழியே வரும் சூரிய மின்சாரத்தில் அந்த இலவசம் கிடையாது. இதை ஈடுகட்ட சிங்க்ரனஸ் கண்டென்சர் என்ற பழைய இயந்திரம் மறுபடி வந்திருக்கிறது: எரிபொருள் இல்லாமல், தொகுப்போடு சேர்ந்து வெறுமனே சுழலும் ஜெனரேட்டர். மின்னழுத்தத்தையும் பிடித்து வைக்கும். தெற்கு ஆஸ்திரேலியா 2021-இல் நான்கு வைத்தது. எஸ்டோனியா, லாத்வியா, லிதுவேனியா மூன்றும் 2025 பிப்ரவரியில் ரஷ்யத் தொகுப்பை விட்டுப் பிரிவதற்கு முன்பு இவற்றை நிறுவிக்கொண்டன. ஜெர்மனியில் பிப்லிஸ் அணுமின் நிலையத்தின் ஜெனரேட்டர் ஒன்றையே 2012-இல் இப்படி மாற்றினார்கள். மூடப்போகும் அனல் நிலையங்கள் வைத்திருக்கும் எந்த நாடும் இதைக் கவனிக்கலாம்.

இரண்டாவது, இன்வெர்ட்டர்களுக்கே பொறுப்பு கொடுப்பது. ஸ்பெயினில் சூரிய, காற்றாலை நிலையங்கள் அழுத்தத்தைத் தாமாகச் சீர்செய்யும்படி விதி இருக்கவில்லை. அந்த வேலைக்கு அன்று ஒதுக்கப்பட்டிருந்த அனல், அணு நிலையங்கள் குறைவு, இருந்தவையும் எதிர்பார்த்த அளவு அழுத்தத்தைத் தணிக்கவில்லை. மின்தடைக்குப் பிறகுதான் விதி மாறியது. இன்றைய இன்வெர்ட்டரால் இதைச் செய்யமுடியும், கேட்கத்தான் ஆளில்லை. தொகுப்பைப் பின்தொடராமல் தானே அலைவெண்ணை உருவாக்கும் இன்வெர்ட்டர்களும் வந்துவிட்டன, ஹார்ன்ஸ்டேல் பேட்டரிக்கே 2022-இல் அந்தத் திறனைச் சேர்த்தார்கள். பேட்டரி வாங்கும் ஒப்பந்தத்தில் ஆரம்பத்திலேயே இதை எழுதினால் கூடுதல் செலவு சொற்பம். பத்தாண்டு கழித்துச் சேர்ப்பது தலைவலி.

மூன்றாவது பராமரிப்பு, அதாவது சலிப்பூட்டும் வேலை. 2025 மார்ச்சில் லண்டனின் நார்த் ஹைட் துணைமின் நிலையத்தில் டிரான்ஸ்பார்மர் தீப்பிடித்து ஹீத்ரோ விமான நிலையம் ஒரு நாள் மூடிக்கிடந்தது. அதன் எண்ணெயில் ஈரப்பதம் அதிகம் என்று 2018-லேயே சோதனை காட்டியிருந்தது.

இதில் அதிகம் பேசப்படாத இன்னொன்று, அலைவெண் விழும்போது தானாகச் சில பகுதிகளை வெட்டும் ரிலேக்கள். பிரிட்டனில் 2019 ஆகஸ்ட் 9 அன்று அவை சரியாக வேலை செய்தன. சுமார் 5 சதவீதத் தேவையை வெட்டி மீதியைக் காத்தன; ஒரு மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் மின்சாரம் திரும்பியது. (ஆனால் சில ரயில்கள், 50 ஹெர்ட்ஸில் இருக்கவேண்டிய அலைவெண் 49-க்குக் கீழே போனதும் தாமாக நின்று, டெக்னீஷியன் வந்து கிளப்பும்வரை நகரவில்லை. மக்கள் நினைவில் நிற்பது அந்த ரயில்கள்தான்.) வீட்டுக் கூரைகளில் சூரியத் தகடுகள் பெருகியிருக்கும் நாட்டில் இந்த ரிலேக்களைத் திரும்பப் பார்த்தாகவேண்டும். நண்பகலில் ஒரு பகுதியை வெட்டினால் சுமையோடு உற்பத்தியும் போய்விடும். காப்பாற்ற வந்தது கவிழ்த்துவிடும்.

மற்றபடி, இருட்டிலிருந்து எழும் பயிற்சி. வெளி மின்சாரம் இல்லாமல் தானே கிளம்பக்கூடிய நிலையங்கள் எவை, அவை எந்தப் பாதை வழியே அடுத்ததை எழுப்பும் என்பதைக் காகிதத்தில் எழுதி வைத்தால் போதாது, ஆண்டுக்கு ஒருமுறையாவது உண்மையில் செய்து பார்க்கவேண்டும். 2015 டிசம்பரில் உக்ரைனின் துணைமின் நிலையங்களைக் கணினி வழியே ஹேக்கர்கள் முடக்கினார்கள்; ஊழியர்கள் வண்டி எடுத்துப்போய்க் கையால் சுவிட்சைப் போட்டு சில மணி நேரத்தில் மீட்டார்கள். முழுத் தானியங்கிக்கு மாறும் நாடுகள் அந்தக் கைப்பிடிகளைக் கழற்றி எறிவதற்கு முன் யோசிக்கட்டும்.

எது முன், எது பின்

என் வரிசை இது. இந்த ஆண்டே பாதுகாப்பு அமைப்புகள், அழுத்தக் கட்டுப்பாட்டு விதிகள், பராமரிப்பு பாக்கி ஆகியவற்றைத் தீர்ப்பது. அடுத்த இரண்டு, மூன்று ஆண்டுகளில் அலைவெண்ணை உருவாக்கும் பேட்டரிகளும் சிங்க்ரனஸ் கண்டென்சர்களும். மின்பாதைகளுக்குப் பணம் கடைசியில்தான் பெரிதாகப் போகும், ஆனால் நில ஆய்வும் அனுமதியும் முதல் நாளே தொடங்கவேண்டும். பத்தாண்டு கழித்து வேண்டியதற்கு இன்று விதை போடாவிட்டால் அன்று கிடைக்காது. புதிய அனல் நிலையம், பழையவற்றை எல்லாம் சரிபார்த்த பிறகும் கணக்கு இடித்தால் மட்டும்.

அண்டை நாட்டோடு மின் இணைப்பே இல்லாத தீவுக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தாது. 2025 பிப்ரவரி 9 ஞாயிறு பகலில் இலங்கை முழுவதும் இருண்டபோது பாணந்துறை துணைமின் நிலையத்தில் புகுந்த குரங்கைப் பற்றி உலகம் சிரித்தது. தேவை குறைந்த விடுமுறை நாள், கூரைகளிலிருந்து சூரிய மின்சாரம் ஏராளம், சுழலும் எடை சொற்பம். ஒரு துணைமின் நிலையத்தின் பழுது நாட்டையே சாய்க்க அது போதுமாக இருந்தது. அங்கே தாங்கிப்பிடிக்க வேறு தொகுப்பு கிடையாது. இந்தியாவோடு கடல்வழி நேர்மின் இணைப்பு நெடுங்காலமாகப் பேச்சில் இருக்கிறது. அது வரும்வரை பேட்டரியும் கண்டென்சரும் இரண்டாவது வரிசையிலிருந்து முதல் வரிசைக்கு வந்தாகவேண்டும். தேவைக்கு மேல் வரும் கூரைச் சூரிய மின்சாரத்தை அப்படிப்பட்ட ஞாயிறுகளில் தொலைவிலிருந்தே தணிக்கும் வசதியும் அதோடு வரவேண்டும். புதிதாகத் தகடு மாட்டுபவர்கள் இதை விரும்பமாட்டார்கள், ஆனாலும் இணைப்பு கொடுக்கும்போதே நிபந்தனையாகப் போடுவது பிறகு போய் வீடு வீடாகக் கேட்பதைவிட எளிது.